விருந்தாளி, மகள், மேய்ப்பன்

அரபுப் பாலைவனங்களில் பதூயின் மக்களோடு பயணம் செய்தும் தங்கியும் எழுதப்பட்ட நூல்கள் இருநூறு ஆண்டுகளாகச் சேர்ந்துகொண்டே வருகின்றன. அவற்றை அடுத்தடுத்துப் படிப்பவருக்கு ஒரு குழப்பம் வரும். ஒரு நூலில் பதூயின், தான் பசித்திருந்தும் வந்தவனுக்குச் சோறிடும் வள்ளல். இன்னொன்றில் ஊருக்கு நடுவே மானமும் குலப்பெருமையும் பேசிவிட்டு, நெருங்கியவர்களிடம் மட்டும் ஏக்கத்தைப் பாட்டாகச் சொல்லும் மனிதர். மூன்றாவதில் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் சம்பளம் தராமல், காய்ந்த குபூஸைத் தின்னக் கொடுக்கும் முதலாளி. மூன்றும் ஒரே மக்களைப் பற்றியவைதானா என்ற கேள்வி எழும்.

மூன்றும் உண்மை என்றே நான் கருதுகிறேன். கூடாரத்துக்கு எந்த உறவில் வந்து சேர்ந்தார் என்பதுதான் எழுதியவர் எதைக் கண்டார் என்பதைத் தீர்மானித்திருக்கிறது. விருந்தாளியாக வந்தவருக்கு ஒரு பாலைவனம் தெரிந்தது, மகளாக வந்தவருக்கு இன்னொன்று. கூலிக்கு வந்தவர் கண்டதுதான் எழுத்தில் மிகக் குறைவு. இன்று வளைகுடாவின் மணற்பரப்புகளில் ஒட்டகங்களோடு இரவும் பகலும் இருப்பவர்களில் பெரும்பாலோர் அவர்களே. அதனால் இந்தப் புத்தக வரிசையை எழுதியவரின் நிலையிலிருந்து மறுபடி படிக்கவேண்டியிருக்கிறது.

பழைய பதூயின் கூடாரம் வெள்ளாட்டு மயிரில் நெய்த கறுப்புத் துணியால் ஆனது. பெண்கள் நூல் நூற்று, தரையில் விரித்த தறியில் நீண்ட பட்டைகளாக நெய்து, அவற்றைச் சேர்த்துத் தைப்பார்கள். மழை பட்டால் மயிர் உப்பி இழைகளின் இடைவெளி அடைபடும். வெயில் நாளில் அதே இடைவெளி வழியே உள்ளிருக்கும் சூடு வெளியேறும். அஸ்-ஸது எனப்படும் அந்த நெசவை யுனெஸ்கோ 2011இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் பெயரிலும், 2020இல் சவுதி, குவைத் நாடுகளின் பெயரிலும் தன் மரபுப் பட்டியல்களில் சேர்த்தது. கூடாரத்துக்குள் ஒரு நெய்த திரை குறுக்கே தொங்கும். ஒரு பக்கம் ஆண்களும் விருந்தாளிகளும் உட்காருவார்கள். காப்பி அடுப்பும் சாய்ந்துகொள்ள ஒட்டகச் சேணமும் அங்கே இருக்கும். மறுபக்கம் பெண்கள், குழந்தைகள், தானிய மூட்டை, தோல்பை, சமையல். பயண நூல்களில் பெரும்பாலானவை திரையின் முதல் பக்கத்தில் உட்கார்ந்து எழுதப்பட்டவை.

அந்த வரிசை நீளமானது. சுவிட்சர்லாந்துக்காரர் யோஹான் லுட்விக் புர்க்ஹார்ட், ஷேக் இப்ராஹீம் என்ற பெயரில் திரிந்து 1812இல் பெத்ராவைக் கண்டார். பதூயின்களைப் பற்றிய அவருடைய குறிப்புகள் அவர் கெய்ரோவில் இறந்து 13 ஆண்டுகள் கழித்து, 1830இல் அச்சேறின. செக் நாட்டுப் பாதிரியார் அலோயிஸ் முசில் ருவாலா கோத்திரத்தோடு ஆண்டுக்கணக்கில் சுற்றி, 1928இல் அவர்களுடைய வழக்கங்களைத் தொகுத்து வெளியிட்டார். விரிவில் அதற்கு இணையான நூல் இன்றும் அரிது. பெர்ட்ரம் தாமஸ் 1930-31 குளிர்காலத்தில் சலாலாவிலிருந்து கத்தார்வரை ருபுல் காலி எனும் பெருமணலைக் கடந்தார். அடுத்த ஆண்டே ஃபில்பி இன்னொரு பாதையில் கடந்தார். இவர்களை விரைவாகத் தாண்டிப் போகிறேன். என் கேள்விக்கு அதிகம் பயன்படுகிறவர்கள் சார்ல்ஸ் டவுட்டியும் வில்ஃபிரெட் தெஸிஜரும்.

டவுட்டி 1876இல் டமாஸ்கஸிலிருந்து ஹஜ் யாத்திரைக் கூட்டத்தோடு புறப்பட்டு மதாயின் ஸாலிஹ்வரை போனார். அங்கிருந்த நபத்தியக் கல்வெட்டுகளைப் படியெடுத்தபின் நாடு திரும்பாமல் பதூயின் கூடாரங்களோடு சேர்ந்துகொண்டார். 1878இல் ஜித்தாவை அடையும்வரை கையில் பெரிதாகப் பணம் இல்லை. கொஞ்சம் மருந்தும் அம்மைப்பால் குத்தும் கருவியும் வைத்திருந்தார். தாம் கிறிஸ்தவர் என்பதை அவர் எந்த இடத்திலும் மறைக்கவில்லை. நகரங்களில் அதற்காக விரட்டப்பட்டார், அடிக்கப்பட்டார். கூடாரங்களிலும் சந்தேகமும் வசையும் உண்டு. ஆனால் ஒருவரின் உணவை உண்டுவிட்டால் அந்த வீட்டின் காவல் அவருக்கு வந்துவிடும். 1888இல் வெளியான அவருடைய பெருநூல் முழுக்க இந்த இரண்டும் மாறிமாறி வருகின்றன. விருந்தோம்பல் என்பது வந்தவர் மேலுள்ள பிரியத்தால் நடப்பதில்லை, பிடிக்காதவருக்கும் செய்தாகவேண்டிய கடமை அது என்பதை அவரைப் போல யாரும் தெளிவாகக் காட்டவில்லை.

தெஸிஜர் வந்தது வெட்டுக்கிளிக்காக. மத்தியக் கிழக்கு வெட்டுக்கிளி ஒழிப்புப் பிரிவு, அவை முட்டையிட்டுப் பெருகும் இடங்களைத் தேடச் சொல்லி அவரைத் தெற்கு அரேபியாவுக்கு அனுப்பியது. அந்த வேலையில் தொடங்கி, 1946-48 காலத்தில் ருபுல் காலியை இரண்டு முறை கடந்தார். துணைக்கு ரவாஷித் கோத்திரத்து இளைஞர்கள் பின் கபீனாவும் பின் குபைஷாவும் இருந்தார்கள். 1959இல் வந்த அவருடைய நூலில் ஒரு நிகழ்ச்சி. பல நாள் அரைவயிற்றுக்குப்பின் ஒரு முயல் கிடைக்கிறது. அது வேகும் மணத்தில் எல்லோரும் காத்திருக்க, தூரத்திலிருந்து அந்நியர் சிலர் வருகிறார்கள். துணைவர்கள் வந்தவர்களை வரவேற்று, முயலை அவர்கள் முன் வைத்து, தாங்கள் தொடாமல் விலகி உட்காருகிறார்கள். வந்தவர்களைக் கொன்றுவிடலாம் போன்ற ஆத்திரத்தோடு தெஸிஜரும் சேர்ந்து உபசரிக்கிறார். அதே நூலில் கந்தல் உடுத்த கிழவர் ஒருவர் வருகிறார். ஒருகாலத்தில் பெரிய மந்தைக்குச் சொந்தக்காரர், வருகிறவர்களுக்கெல்லாம் ஒட்டகத்தை அறுத்துப் போட்டே ஏழையானவர். சுற்றியிருந்த இளைஞர்கள் அவரைப் பொறாமையோடு பார்க்கிறார்கள்.

இந்தக் கடமைக்குக் காரணம் நிலம். கிணற்றுக்கும் கிணற்றுக்கும் நடுவே பல நாள் பயணம். சத்திரம் கிடையாது, காவல் கிடையாது. இன்று உன் அடுப்படிக்கு வந்தவனின் அடுப்படிக்கு நாளை நீ போகவேண்டிவரும். மூன்று நாளும் கூடக் கொஞ்சமும் வந்தவனிடம் எதுவும் கேட்காமல் சோறிடுவதும், அவன் புறப்பட்டபின்னும் சில நாள் அவன் உயிருக்குப் பொறுப்பேற்பதும் முறையாயின. பதிலுக்கு விருந்தாளி செய்தி கொண்டுவருவான். எங்கே மழை பெய்தது, எந்தக் கிணறு வற்றியது, யார் மந்தையை யார் ஓட்டிப்போனார்கள் என்பதெல்லாம் காப்பி ஊற்றும் நேரத்தில் கைமாறும். காப்பிக்கொட்டை இடிக்கும் உலக்கையின் ஓசையே பக்கத்துக் கூடாரங்களுக்கு அழைப்பு. அந்த கஹ்வாவில் போடும் ஏலக்காய்க்கு நீண்ட காலம் மேற்குத் தொடர்ச்சி மலையே தாய்வீடு. போடிநாயக்கனூரில் ஏலம் போகும் காய் இன்றும் வளைகுடாவுக்குக் கப்பலேறுகிறது. இப்போது குவாத்தமாலாவின் காயும் அங்கே பெரும் பங்கைப் பிடித்திருக்கிறது.

மந்தையை ஓட்டிப்போவது என்றால் தமிழருக்குப் புரியவைக்க வேண்டியதில்லை. வெட்சிப் போரும் அதில் வீழ்ந்தவனுக்கு நட்ட நடுகல்லும் நம்மிடம் உண்டு. பதூயின்களிடம் அது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை வாழ்க்கையின் ஒழுங்கான பகுதி. ஆகவே பயணி தனியே போக முடியாது. எந்தக் கோத்திரத்தின் எல்லைக்குள் போகிறாரோ அந்தக் கோத்திரத்தவர் ஒருவர் ரஃபீக்காகக் கூட வரவேண்டும். அவர் கூட இருக்கும்வரை அவருடைய ஆட்கள் கை வைக்கமாட்டார்கள். எல்லை மாறினால் ரஃபீக்கும் மாறுவார். அவருக்குக் கூலி உண்டு. தாமஸும் தெஸிஜரும் ஒட்டகமும் ஆளும் அமர்த்தப் பணம் கொடுத்தவர்கள்தான். இதை அந்த நூல்கள் மறைக்கவில்லை என்றாலும், படிக்கிறவர்கள் நட்பை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு கூலியை மறந்துவிடுகிறோம். இந்த முறை இன்றும் செத்துவிடவில்லை. சினாய் தீபகற்பத்தின் கோத்திரங்கள் 2015இல் சேர்ந்து தொடங்கிய நெடுநடைப் பாதையில், ஒவ்வொரு கோத்திரமும் தன் எல்லைவரை மட்டுமே வழிகாட்டிப் பயணியை அடுத்தவரிடம் ஒப்படைக்கிறது. மூன்று கோத்திரங்களோடு தொடங்கியது 2018இல் எட்டாக விரிந்து, ஏறக்குறைய 550 கிலோமீட்டர் நீளமாயிற்று. சுற்றுலா நிறுவனங்களின் ஆயத்தக் கூடாரங்களைவிட இதுவே பாலைவனத்தை அறிய நல்ல வழி என்பது என் கருத்து.

இனி திரையின் மறுபக்கம். கவிஞர் பைரனின் பேத்தி லேடி ஆன் பிளண்ட் 1878-79இல் கணவரோடு நஜ்துக்குப் பயணம் செய்தார். ஹாயில் நகரில் ஆட்சியாளரின் மனைவியர் இருந்த பகுதிக்குள் போக அவருக்கு மட்டும் வழி இருந்தது. என்றாலும் அவரும் விருந்தாளியே, சில நாளில் திரும்பிப்போகிறவர். நிலைமை மாறியது 1978 முதல் 1980வரை எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் அவ்லாத் அலீ மக்களோடு வாழ்ந்த லைலா அபு-லுகோத் காலத்தில்தான். அவர் அமெரிக்காவில் படித்த மானிடவியலாளர். தந்தை பாலஸ்தீனர். தந்தை, தானும் கூட வந்து மகளை அறிமுகப்படுத்தி ஒப்படைப்பேன் என்று பிடிவாதமாக நின்றார். வளர்ந்த ஆய்வாளருக்கு அது முதலில் கூச்சமாக இருந்தது. தந்தையில்லாமல் தனியே வரும் பெண்ணுக்குக் குலமில்லை, அவளை யாரும் மதிக்கமாட்டார்கள் என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. தந்தையின் வருகையால் அவர் அந்த வீட்டின் மகளானார். மகளுக்குரிய பாசமும் கிடைத்தது, கட்டுப்பாடும் வந்தது. ஆண்கள் கூட்டத்தில் விரும்பியபடி உட்கார முடியாது. ஆனால் பெண்கள் அவர் முன்னால் பேச்சை நிறுத்தவில்லை.

அங்கே அவர் கேட்டவை கின்னாவா எனும் மிகச்சிறிய பாட்டுகள். ஊர் நடுவே, கணவன் விலக்கிவிட்டால் எனக்கென்ன என்று நிமிர்ந்து பேசும் பெண், சமையல் நேரத்தில் தோழியரிடம் இரண்டு வரியில் தன் உடைவைப் பாடுகிறாள். இளைஞர்களும் பாடுகிறார்கள். மானம் பேசும் சமூகத்தில் மனம் பேசுவதற்கு ஒரு வடிவம் தனியே ஒதுக்கப்பட்டிருக்கிறது. எவரும் அதைப் பொய்வேடம் என்று இகழ்வதில்லை. 1986இல் வந்த அவருடைய நூலுக்குப்பின், பதூயின் வாழ்வை மானம், பழி, கொடை என்ற மூன்றில் அடக்கிய எழுத்து போதாது என்று தெரிந்துவிட்டது. தெஸிஜரின் மணலில் பெண்கள் அநேகமாக இல்லை. கூடாரம் நெய்தவர்கள், ஆட்டு மந்தையைப் பார்த்தவர்கள், முகாம் பெயரும்போது கட்டிச் சுமந்து மறுபடி நிறுத்தியவர்கள் இல்லாத ஒரு பாலைவனத்தையே உலகம் பல பத்தாண்டுகள் காதலித்திருக்கிறது.

மகளைப் போலவே மருமகளும் உண்டு. நியூசிலாந்துக்காரரான மார்கரீட் வான் கெல்டர்மால்சன் 1978இல் பெத்ராவின் பிதூல் கோத்திரத்து ஒருவரை மணந்து, பழைய கல்லறைக் குகையில் குடித்தனம் நடத்தினார். தண்ணீர் சுமப்பது, ரொட்டி சுடுவது, பிள்ளை பெறுவது என்று அவர் 2006இல் எழுதியது ஆய்வு நூல் இல்லை. ஆனால் பெத்ரா உலகப் பாரம்பரியச் சின்னமான 1985இல் அந்தக் குடும்பங்களைக் குகைகளிலிருந்து உம் ஸைஹூன் குடியிருப்புக்கு மாற்றியதை உள்ளிருந்து பார்த்த எழுத்து அது. இருபதாண்டு கழித்து, 2005இல், அதே பெத்ராவிலும் வாதி ரம்மிலும் வாழும் பதூயின்களின் பண்பாட்டையே யுனெஸ்கோ மனிதகுலச் செல்வமாக அறிவித்தது. குகையிலிருந்து இறக்கப்பட்டவர்கள் அதே குகையின் பெயரால் கொண்டாடப்பட்டதை எண்ணும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

பதூயின்களின் குரல் வெளியாள் எழுதினால்தான் கேட்கும் என்று யாரும் நினைக்கவேண்டாம். வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் 1370களில் அரசியல் ஓயாமல் துரத்த, இன்றைய அல்ஜீரியாவின் ஒரு கோட்டையில் அரபுக் கோத்திரத்தாரின் அடைக்கலத்தில் இருந்துகொண்டுதான் தம் பெருநூலின் முன்னுரையை எழுதினார். குலப்பற்று அரசுகளைக் கட்டுவதையும், நகர வசதி அந்தப் பற்றைத் தின்றுவிடுவதையும் அவர் விளக்கியதற்கு அந்த வாழ்க்கை பின்புலம். நம் காலத்தில் சவுதி அறிஞர் சஅத் ஸுவையான் நபாத்தி வாய்மொழிக் கவிதைகளைப் பதிவு செய்து 1985இல் ஆய்வாக வெளியிட்டார். அதே கவிதை மரபு அபுதாபியின் தொலைக்காட்சிப் போட்டியாகவும் மாறியது. 2010இல் ஹிஸ்ஸா ஹிலால் என்ற சவுதிப் பெண், முகம் மூடிய உடையில் மேடையேறி, கடுமையான மார்க்கத் தீர்ப்பு வழங்குவோரைக் கண்டித்துப் பாடி இறுதிச் சுற்றில் மூன்றாம் இடம் பெற்றார். திரைக்குப் பின்னால் இருந்த பாட்டு, கோடிக்கணக்கானோர் முன் வந்த தருணம் அது.

இதற்கிடையே பாலைவனத்தின் பொருளாதாரம் தலைகீழாகியிருந்தது. 1938இல் தம்மாமின் ஏழாவது கிணற்றில் எண்ணெய் பீறிட்டது. 1950இல் வளைகுடாவிலிருந்து மத்தியதரைக் கடலுக்குக் குழாய் போட்டபோது, வழிநெடுக இருந்த எண்ணெய் நிறுவனத்தின் தண்ணீர்க் கிணறுகளைச் சுற்றிக் கோத்திரங்கள் குடியமர்ந்தன. 1953இல் சவுதி அரசு கோத்திரங்களுக்கு உரிய மேய்ச்சல் ஒதுக்கீட்டை ரத்து செய்து நிலத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டது. யாருக்கும் உரிமை இல்லாத புல்லை யாரும் காக்கவில்லை. பிறகு பிக்கப் வண்டி வந்தது. முன்பு மந்தை தண்ணீரைத் தேடிப்போகும். இப்போது லாரியில் தண்ணீர் மந்தையைத் தேடி வந்தது. மானிய விலைப் பார்லியும் வந்தது. ஒரு மழைக்குப்பின் முளைத்த பச்சை இருக்கும் இடத்துக்கு ஆயிரக்கணக்கான ஆடுகளை ஒரே நாளில் ஏற்றிப்போக முடிந்தது. அல் முர்ரா கோத்திரத்தோடு 1960களின் இறுதியில் வாழ்ந்த டொனால்ட் கோல் இந்த மாற்றத்தின் தொடக்கத்தைக் கண்டார். ஆண்டில் ஆயிரம் கிலோமீட்டருக்குமேல் ஒட்டகத்தோடு நகரும் அந்த மக்களின் ஆண்கள் அப்போதே தேசியக் காவல் படையில் சம்பளம் வாங்கத் தொடங்கியிருந்தார்கள்.

அரசுகள் பதூயின்களை நடத்திய விதம் நாட்டுக்கு நாடு வேறு. நெகெவில் இஸ்ரேல் இவர்களுடைய பல ஊர்களை ஊராகவே ஏற்கவில்லை. அல் அரக்கீப் என்ற ஊர் 2010 ஜூலையில் இடிக்கப்பட்டது. மக்கள் கட்டக் கட்ட, இருநூறு முறைக்குமேல் மீண்டும் இடிக்கப்பட்டது. குவைத்தில் 1959ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்போது பதிவு செய்யாமல் விடுபட்ட பாலைவனக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் நாடற்றவர்கள். ஓமானில் நடந்ததில் வேறொரு பாடம் இருக்கிறது. 1972இல் காட்டு நிலையில் அழிந்துபோன வெள்ளை ஓரிக்ஸ் மானை 1982இல் ஜித்தத் அல் ஹராஸிஸ் சமவெளியில் மீண்டும் விட்டார்கள். ஹராஸிஸ் மக்களே காவலர்களாயினர். 1994இல் அந்தச் சமவெளி உலகப் பாரம்பரியக் காப்பகமும் ஆனது. 1990களின் பிற்பாதியில் கள்ளவேட்டை பெருகி, 450 மான்கள் 65 ஆகக் குறைந்தன. ஓமான் அரசு எண்ணெய் தேடக் காப்பகத்தின் பரப்பில் 90 விழுக்காட்டை வெட்டியபின், 2007இல் யுனெஸ்கோ அதைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அப்படி நீக்கப்பட்ட முதல் இடம் அதுதான். ஹராஸிஸ் மக்களோடு நீண்ட காலம் பணிபுரிந்த டான் சாட்டி, அவர்களைக் கூலிக்காரர்களாக மட்டும் சேர்த்துத் திட்டமிடலிலிருந்து விலக்கியதே இந்தத் தோல்வியின் வேர்களில் ஒன்று என்று எழுதியிருக்கிறார். அது சரி என்றே நானும் நினைக்கிறேன்.

பதூயின் நகரத்தில் வீடு கட்டினார், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார், அரசு வேலைக்குப் போனார். ஒட்டகத்தை மட்டும் விடவில்லை. அது குலத்தின் கௌரவம், அழகுப் போட்டிகளில் பெரும் பணம். அப்படியானால் மேய்ப்பது யார்? சூடானியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், கேரளத்தவர், தமிழர். பாலைவனத்தில் சிக்கிய ஒரு மேய்ப்பனின் கதையாகப் பெனியாமின் 2008இல் மலையாளத்தில் எழுதிய ஆடுஜீவிதம் தமிழிலும் வந்து, 2024இல் திரைப்படமாகி நம் ஊர்களில் ஓடியது. அழுதுவிட்டு வெளியே வந்தவர்கள் பலர். அந்தக் கதையை ஒரு கொடியவனின் கதையாகப் படித்தால் விஷயம் கைநழுவிவிடும்.

தந்தையும் மகனும் சேர்ந்து மேய்த்த காலத்தில், முதலாளியும் மேய்ப்பனும் ஒரே தோல்பையிலிருந்து குடித்தார்கள். ருபுல் காலியின் தாகத்தை தெஸிஜரோடு அவருடைய துணைவர்களும் சரியாகப் பங்கிட்டார்கள். இப்போதைய மஸ்ரா எனும் பண்ணையில், கஃபீல் எனப்படும் முதலாளி இருப்பது நகரத்தில். வாரத்தில் ஒருநாள் வருவார், தண்ணீர்த் தொட்டியை நிரப்பச் செய்வார், போய்விடுவார். மேய்ப்பவர் தகரக் கொட்டகையில் தனியே. அவருடைய இக்காமா எனும் வசிப்பு அனுமதி கஃபீல் கையில். ஓடிப்போனான் என்று அவர் ஒரு ஹுரூப் புகார் கொடுத்துவிட்டால் மேய்ப்பவர் சட்டப்படி குற்றவாளி. தோட்ட வேலை, ஓட்டுநர் வேலை என்று நம்பி விமானம் ஏறி மணலில் இறக்கப்பட்டவர்களின் செய்திகள் தமிழ் நாளிதழ்களில் வந்துகொண்டே இருக்கின்றன. பிணமாகத் திரும்பியவர்களின் செய்திகளும் வருகின்றன. சவுதி அரசு 2021 மார்ச்சில் வேலை மாறும் உரிமையைத் தொழிலாளர்களுக்குத் திறந்தபோது, வீட்டு வேலையாட்கள், தோட்டக்காரர்கள், ஓட்டுநர்கள், காவலாளிகளோடு மேய்ப்பர்களையும் அதற்கு வெளியே நிறுத்தியது. சட்டமே இப்படிப் பிரித்துவைத்திருக்க, நல்ல கஃபீல் வாய்த்தவர் பிழைத்தார், வாய்க்காதவர் அழிந்தார்.

நல்ல கஃபீல்களும் நிறைய உண்டு. நோன்புக் காலத்தில் தன் வீட்டுத் தட்டையே கொண்டுவந்து கூட உட்கார்ந்து உண்டவர்களை, மகளின் திருமணத்துக்குப் பணம் தந்து அனுப்பியவர்களை நன்றியோடு நினைவுகூர்கிறவர்கள் இராமநாதபுரத்திலும் கடையநல்லூரிலும் இருக்கிறார்கள். ஆனால் அதை விருந்தோம்பல் மரபின் தொடர்ச்சி என்று சொல்லமாட்டேன். விருந்தோம்பல் வழிப்போக்கனுக்கு உரியது. கூடாரத்தில் உழைப்பவருக்கு அந்தச் சட்டம் எந்நாளும் முழுதாகப் பொருந்தியதில்லை. பெரிய ஷேக்குகளின் முகாம்களில் ஆப்பிரிக்க அடிமைகள் இருந்தார்கள். அடிமைமுறையைச் சவுதி 1962இலும் ஓமான் 1970இலும்தான் சட்டப்படி ஒழித்தன. உலோக வேலை செய்தவர்களோடும், வேட்டையும் வைத்தியமும் தெரிந்த ஸுலுப்பா மக்களோடும் கோத்திரங்கள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கவில்லை. ஒட்டகப் பந்தயங்களில் தெற்காசியச் சிறுவர்களைச் சேணத்தில் கட்டி ஓட்டியதும் நெடுநாள் நடந்தது. 2005இல் அமீரகமும் கத்தாரும் அதைத் தடைசெய்து, இயந்திரப் பொம்மைகளை ஏற்றின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர்கள் அமீரகத்திலிருந்து ஊர் திருப்பப்பட்டார்கள்.

மேய்ப்பவர்களைப் பற்றிய மிகத் திட்டமான ஆவணம் மருத்துவத்திலிருந்துதான் கிடைத்திருக்கிறது. 2012இல் சவுதியில் கண்டறியப்பட்ட மெர்ஸ் வைரஸ் ஒட்டகத்திலிருந்து மனிதருக்கு வருவது. அந்நாட்டில் இரத்தத்தைச் சோதித்தபோது, பொதுமக்களைவிடப் பல மடங்கு கூடுதலாக மேய்ப்பர்களிடமும் இறைச்சிக் கூடத் தொழிலாளர்களிடமும் அந்த வைரஸின் எதிர்ப்பொருள் இருந்தது. ஒட்டகத்தோடு மிக நெருங்கி வாழ்வது யார் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அவர்கள் கண்டதைக் கேட்டு எழுதிய நூல் எத்தனை? புனைவு உண்டு, செய்தி உண்டு, வழக்கு மனு உண்டு. முசில் ருவாலாக்களிடம் உட்கார்ந்து கேட்டதைப் போல, அபு-லுகோத் பெண்களிடம் கேட்டதைப் போல, மேய்ப்பர்களிடம் கேட்ட எழுத்து மிகக் குறைவு.

அவர்களிடம் கேட்க நிறைய இருக்கிறது. ஒரு கறவை ஒட்டகத்தை அதன் கன்று செத்தபின் எப்படிப் பால் சுரக்கவைத்தார்கள்? சூட்டுக்குறி பார்த்து யாருடைய மந்தை என்று அடையாளம் சொல்ல எத்தனை நாளில் கற்றார்கள்? மழை பெய்த திசையை யாரிடம் அறிந்தார்கள்? கஃபீலின் வீட்டுப் பெண்கள் மஸ்ராவுக்கு வந்தபோது என்ன பேசினார்கள்? வயதான பதூயின் தந்தை மந்தையைப் பார்க்க வந்து நாள் முழுக்க உட்கார்ந்திருந்தபோது என்ன சொல்லிக்கொண்டிருந்தார், அவருடைய மகன் ஏன் அதைக் கேட்கவில்லை? பக்கத்து மஸ்ராவின் சூடானியோடு எந்த மொழியில் சண்டை போட்டு எந்த மொழியில் சமாதானமானார்கள்? பதூயின் மேய்ச்சல் அறிவின் ஒரு பகுதி இப்போது கூலிக்காரர்களின் தலைக்குள் இருக்கிறது. அவர்கள் திரும்பிவந்து ஆட்டோ ஓட்டிக்கொண்டும் கடை வைத்துக்கொண்டும் இருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் துணையில்லாமல் அவர்களோடு உட்கார்ந்து பேசக்கூடிய ஆய்வாளர்கள் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இலங்கையிலும் இருக்கிறார்கள். அந்த வேலையை இனி அவர்கள்தான் தொடங்கவேண்டும்.